தண்ணீரின் எடை

எனக்கு இரைப்பை இல்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். மலை மஞ்சு, வெள்ளை மூட்டமாக, உள்ளே வந்தது. மூடினேன். அடுப்படி வரைக்கும் போய் ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தேன். வாக்கியம் அப்படியேதான் கிடக்கிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தும்போதும் நடந்துகொண்டேதான் நடத்துவேன். வயிற்றைத் திறந்து மூடிய பிறகு நடை குறைந்தது, அலைச்சல் குறையவில்லை. கால் கட்டிலில் கிடக்கும், மனசு மட்டும் வாசலுக்கும் கொல்லைக்குமாகப் போய் வந்துகொண்டிருக்கும்.

கார்த்திகை மழையில், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், புற்று வைத்த இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயை நேரே குடலோடு இணைத்தார்கள். சாப்பிட்டது தங்கி இளைப்பாற ஓர் இடம் இருந்ததே, அது போய்விட்டது. இப்போது விழுங்குவதெல்லாம் நேராகத் தெருவில் இறங்கி நடக்கிறது. பசியும் போய்விட்டது. பசி என்பது இத்தனை நாள் யாரோ உள்ளேயிருந்து கூப்பிடுகிற குரல் போல இருந்திருக்கிறது. குரல் நின்ற பிறகுதான் அது எவ்வளவு நல்ல துணை என்று தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அறுவை செய்த டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்.

"கட்டி போயாச்சு. ஆனா பக்கத்துல இருந்த சில நெறிக்கட்டிகள்லயும் புற்று இருந்துச்சு. அதனால மருந்து ஏத்தணும். அதுக்கு ரெண்டு விஷயம் சரியா இருக்கணும். வயித்துக் காயம் முழுசா மூடணும். வெயிட் நாப்பது கிலோவுக்குக் கீழ போகக் கூடாது. இப்ப நாப்பத்திநாலு இருக்கீங்க. முட்டை, பருப்பு, மீன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுங்க."

"மூடலேன்னா?"

"மருந்து தள்ளிப்போகும்."

"தள்ளிப்போனா?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். "ரொம்பத் தள்ளிப்போகாம பாத்துக்கோங்கம்மா. அது முக்கியம்."

அவர் சொல்லாமல் விட்டதைத்தான் நான் மலை ஏறுகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சமிருந்தால், அது என் காயம் மூடட்டும் என்று காத்திருக்காது. இரண்டும் என் உடம்பில்தான் நடக்கின்றன. ஒன்று மூட வேண்டும், மற்றது முளைக்கக் கூடாது. எது முந்தும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

எங்கள் வீடு தாண்டிக்குடிக்குக் கீழே, காப்பித் தோட்டத்துக்குள். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டைகளைக் கடைக்கு இறக்குவார், வருகையில் ஆட்களை ஏற்றி வருவார். வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அவரே ஒரு முட்டையை அவித்து, மஞ்சள் கரு உதிர உதிரப் பிசைந்து, ஸ்பூனால் ஊட்டினார். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது இரவுச் சட்டை வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. பிரித்தால் மஞ்சளாக நீர். தொப்புளுக்கு மேலே, தையல் எடுத்த கோட்டின் கீழ்முனையில், காயம் வாய் பிளந்திருந்தது.

தாண்டிக்குடி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போன் போட்டுப் பேசினாள். உள்ளே நீர் கட்டி, தோல் மட்டும் விட்டுப்போயிருக்கிறது, ஆழமில்லை, தினமும் கழுவிக் கட்டுப் போட்டால் அடியிலிருந்து சதை வளர்ந்து தானே மூடும் என்றார்களாம். முப்பது வயதுகூட ஆகாத, வாய் ஓயாத பெண். இடுக்கியால் பஞ்சுத் துணியை உள்ளே அடைக்கும்போதும் பேசிக்கொண்டேதான் இருப்பாள்.

"பாருங்கக்கா. உங்க வயிறுதானே, பாத்தாத்தான் என்ன?"

"வேணாம் சிஸ்டர்."

"சின்ன எலுமிச்சம்பழம் வைக்கலாம், அவ்வளவுதான்."

அந்த எலுமிச்சம்பழம் நாளெல்லாம் எனக்குள் உருண்டது.

அந்த வாரமே வீட்டுக்காரரின் அக்கா பாலசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தார். மதினி என்று கூப்பிடுவேன். கணவர் இறந்து சில வருஷமாகிறது, கொய்யாத் தோட்டமும் இரண்டு மாடுமாகத் தனியாக இருப்பவர். மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பையில் துணியைவிட அதிகமாகப் பூண்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "என்ன தின்னே?" என்றார்.

"முட்டை மதினி. ஒண்ணுதான்."

தலையில் கை வைத்துக்கொண்டார். "பச்சைப் புண்ணுக்காரிக்கு முட்டையா? ஏலே, ஒனக்குக் கூறு கெடக்கா?" இது தம்பிக்கு. "முட்டை சீழ் வைக்குமுடா. பருப்பு சீழ் வைக்கும். மீனு, கத்திரிக்கா, கடலை, எல்லாம் கரப்பான், புண்ணைக் கெளப்பிவிடும். தின்ன மறுநாளே நீர் விட்டுருக்கு, கண்ணு முன்னாடி தெரியுதுல்ல?"

"டாக்டரே சாப்பிடச் சொன்னாங்கக்கா."

"டாக்டரு அறுக்குறதோட அவுக சோலி முடிஞ்சுபோச்சு. புண்ணை ஆத்துறது யாரு, அடுப்படிதான?"

நான் படித்தவள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்துணவு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லித் திருத்தியவள். ஆனால் மஞ்சள் கரு உள்ளே போனதும் மஞ்சள் நீர் வெளியே வந்ததும் அடுத்தடுத்து நடந்தன. பயம் வந்துவிட்டால் மனசு கிடைத்த இரண்டைக் கோத்துக்கொள்கிறது. மதினி சொல்லவில்லை என்றாலும் அந்த முட்டையை நான் மறுபடி தொட்டிருக்க மாட்டேன்.

அதிலிருந்து பத்தியம். அரிசி நொய்க் கஞ்சி, மிளகு ரசத்தில் கரைத்த சோறு, சுட்ட அப்பளம், பூண்டு. பூண்டு, மறுபடியும் பூண்டு. ஒரு தடவை ஆசையாகக் கஞ்சியில் கருப்பட்டி போட்டுக் கொடுத்தார். குடித்த சற்று நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, கொல்லைக்கு ஓடினேன். இனிப்பு குடலில் நேராக விழுந்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குச் சாவு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மதினி என் முதுகைத் தடவிக்கொண்டே, "கருப்பட்டியும் ஆகல. சரி, அதையும் நிப்பாட்டிருவோம்" என்றார். இப்படி ஒவ்வொன்றாக நின்றது. உலகத்தில் என்னால் சாப்பிட முடிந்தவை ஒரு தட்டின் ஓரத்துக்குள் வந்துவிட்டன.

எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில். ஊரில் காப்பி எடை போடும் கடையில் மூட்டைகளுக்கான பெரிய தராசு இருக்கிறது, தரையோடு தரையாகத் தகடு, சுவரில் சிவப்பு எழுத்தில் எண். அது அறுவடைக் காலம். கடை முழுக்கப் பழுத்த காப்பியின் புளித்த வாசனை, ஈரச் சாக்கு, மூட்டைக்காரர்களின் பீடிப்புகை. நான் போனால் வரிசையில் நிற்கிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவேன். இரும்புத் தகட்டின் குளிர் உள்ளங்காலைக் கவ்வும். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

முதல் ஞாயிறு நாற்பத்திமூன்று. அடுத்தது நாற்பத்திரண்டு சொச்சம். அதற்கடுத்து நாற்பத்தொன்றைத் தொட்டு நின்றது. வீட்டுக்காரர் ஜீப்பைக் கிளப்பினார். வளைவுகளில் வழக்கமாக ஹாரன் அடிக்கிற மனுஷன், அன்றைக்கு ஒரு வளைவிலும் அடிக்கவில்லை. நாற்பத்தொன்றுக்கும் நாற்பதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு கிலோ. ஒரு பை வெண்டைக்காய். அதற்குப் பிறகு மருந்து கிடையாது.

அப்புறம், எண் நின்றது. நின்று, ஏறத் தொடங்கியது.

நாற்பத்தொன்றரை. நாற்பத்திமூன்று. கடைக்காரர் சுவரைப் பார்த்துவிட்டுக் கை தட்டினார். "டீச்சர் ஏறிட்டாங்கப்பா! இந்த வருஷம் காப்பி வெலை ஏறுதோ இல்லியோ, டீச்சர் ஏறிட்டாங்க." மூட்டைக்காரர் ஒருவர், "அக்கா, எறங்காம அப்பிடியே நில்லுங்க, என் மூட்டையையும் ஒங்க மேல வச்சுப் போட்டுக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு. சிரித்தால் காயம் இழுக்கும். இழுக்கட்டும் என்று சிரித்தேன்.

மதினிக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு நாள் காலையில் எனக்குக் கால் கழுவிவிட்டவர் திடீரென்று கத்தினார். "ஏத்தா, இங்க பாரு! மெட்டி சுத்தவே மாட்டேங்குது. சதை பிடிச்சிருச்சு!" அறுவைக்கு முன் ஆஸ்பத்திரியில் கழற்றி, வீட்டுக்கு வந்த பின் மாட்டிய மெட்டி அது. மாட்டிய அன்று விரலில் லொடலொடவென்று ஆடியது, நூல் சுற்றி இறுக்கினோம். இப்போது அந்த நூலே சதைக்குள் அமுங்கிக் கிடந்தது. மதினி திருஷ்டி சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டார். வீட்டுக்காரர் கொல்லையில் நின்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார், "தேறிட்டா. கண்ணுக்கே தெரியுது. கால்லாம் நல்லா பூசினாப்ல இருக்கு."

நானும் நம்பினேன். சில நாட்கள்தான், ஆனால் முழுசாக நம்பினேன். அந்த நாட்களில் மரங்களுக்கு மேல் மஞ்சு கலைவதைப் பார்த்து, எழுதும்படியாக எனக்குள் வரிகள் வந்தன. அறுவைக்குப் பிறகு முதல் தடவையாக வந்த வரிகள்.

ஒன்றுதான் உறுத்தியது. காயம் சின்னதாகவில்லை. நர்ஸ் பெண் இப்போது அதிகம் பேசுவதில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பஞ்சுத் துணி நனைந்த அளவை மட்டும் பார்ப்பாள்.

"இப்ப எவ்வளவு இருக்கு சிஸ்டர்?"

"அப்படியேதான் இருக்குக்கா. சதை வெளுப்பா இருக்கு. செவப்பா வரணும்."

"எடை கூடியிருக்கே?"

"அதான் எனக்கும் புரியல." அவள் கண் என் காலுக்குப் போனது. "கால்ல சாக்ஸைக் கழட்டுங்க."

மலைக்குளிருக்குக் கம்பளி சாக்ஸ் போட்டிருந்தேன். கழற்றியதும், கெண்டைக்காலைச் சுற்றி வளையம் போட்டது போல ஒரு பள்ளம். அவள் முழங்காலுக்குக் கீழே, எலும்பு மேல், கட்டை விரலை வைத்து அழுத்தினாள். சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தாள். எடுத்தாள். விரல் போய்விட்டது, விரலின் குழி போகவில்லை. ஈரமண்ணில் கால் வைத்து எடுத்தது போல, என் காலில் ஒரு குழி. மெல்ல, மிக மெல்ல, நிரம்பியது.

கூட வந்திருந்த மதினியும் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார்.

"இது சதை இல்லக்கா," என்றாள் நர்ஸ். "தண்ணி."

"என்னம்மா சொல்ற?" என்றார் மதினி.

"ஒடம்புல புரதம் கொறஞ்சா தண்ணி ரத்தத்துல நிக்காதும்மா. கசிஞ்சு சதைக்குள்ள எறங்கிரும். எடை கூடினாப்ல காட்டும். புண்ணும் ஆறாது. என்ன குடுக்குறீங்க அக்காவுக்கு?"

மதினி வரிசையாகச் சொன்னார். நொய்க் கஞ்சி, ரசம், அப்பளம், பூண்டு. சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"முட்டை?"

"புண்ணுல முட்டையா?"

"இவ்வளவு நாளா ஒண்ணுகூடக் குடுக்கலியா?" அந்தப் பெண் கோபத்தில் இடுக்கியைத் தட்டில் போட்டாள். சத்தம் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, நீங்க டீச்சர்தான?"

நான் தலை குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானம் கொஞ்சம்தான். அதைவிடப் பெரிது வேறொன்று. கூடியதாக நினைத்ததெல்லாம் தண்ணீர் என்றால், தண்ணீரைக் கழித்தால் நான் எவ்வளவு? அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுப் போடவில்லை. நாற்பது என்ற அந்தக் கோட்டுக்குக் கீழே நான் எப்போதோ போயிருக்கலாம், எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்த அன்றைக்கே.

மறுநாள் மதுரைக்குப் போனோம். டாக்டரம்மாவும் அதே போல அழுத்தினார், அதே குழி. ரத்தம் எடுத்தார்கள். நெறிக்கட்டி, கல்லீரல் என்று ஸ்கேன் பார்த்தார்கள். அறைக்கு வெளியே நாற்காலியில் நான் உட்காரவில்லை, உட்கார முடியவில்லை. அந்த வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். புதிதாக எதுவும் முளைத்திருக்குமோ என்பது ஒரு பயம். முளைக்காவிட்டாலும் மருந்து தொடங்க முடியாதோ என்பது இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே என் வீங்கின கால்கள் தொப்பு தொப்பென்று விழுந்தன.

"புதுசா எதுவும் இல்ல," என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா இந்த நிலைமையில மருந்து ஏத்த முடியாது" என்றார். "கொஞ்ச நாள் தரேன். அதுக்குள்ள ரத்தத்துல புரதம் ஏறணும், காயம் மூடணும். இதுக்கு மேல தள்ள எனக்கு இஷ்டமில்ல. முட்டை சாப்பிடுங்கம்மா. சீழ் பிடிக்காது. நான் சொல்றேன்."

திரும்பும்போது வத்தலக்குண்டில் ஜீப்பை நிறுத்தி வீட்டுக்காரர் ஒரு அட்டை முட்டை வாங்கினார். மதினி பின்சீட்டில் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மலைப்பாதையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பண்ணைக்காடு தாண்டியது. பிறகு, யாரிடம் என்றில்லாமல், தன் கணவரைப் பற்றிப் பேசினார்.

"ஒங்க மாமாவுக்குக் கால்ல புண்ணு வந்துச்சே, சக்கரைப் புண்ணு. நல்லாத்தான் ஆறிக்கிட்டு வந்துச்சு. ஒரு நா நாக்கு செத்துப்போச்சு, முட்டைக் கொழம்பு வையிடின்னாரு. பாவமா இருந்துச்சு, வச்சுக் குடுத்தேன். ரெண்டு நாள்ல கால் கறுத்துப்போச்சு. அப்புறம் காலை எடுத்தாக, அப்புறம் ஆளே போயிட்டாரு."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், "அக்கா, அது முட்டையால இல்லக்கா" என்றார்.

"நீ டாக்டரா?"

"அவுக சர்க்கரையைக் கவனிக்காம விட்டாக. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்லே. தெரிஞ்சு என்ன செய்ய? கையில கரண்டி பிடிச்சது நான்தான?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவளுக்கும் என் கையால குடுத்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, நான் எந்த மூஞ்சியோட பாலசமுத்திரத்துக்குப் போயி எறங்குவேன்?"

இத்தனை நாள் என் பயத்தை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். அதைவிடப் பழைய பயம் ஒன்று என் வீட்டு அடுப்படியில் வெள்ளனே எழுந்து, குளித்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்திருக்கிறது. திரும்பி அவர் கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கையில் முட்டை அட்டை இருந்தது.

அன்று மாலையே மதினி முட்டை அவித்தார். வெள்ளைக் கருவை மட்டும் எடுத்து, மிளகும் உப்பும் போட்டு, கூழாக மசித்து, கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். ஊட்டவில்லை. நானும் உடனே எடுக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தேன். இவ்வளவு கேட்ட பிறகும், டாக்டர் சொன்ன பிறகும், குழியைக் கண்ணால் பார்த்த பிறகும், எடுத்த முதல் ஸ்பூனை மறுபடி கிண்ணத்திலேயே விட்டேன். அறிவு சம்மதித்துவிட்டது. உடம்பு அந்தப் பழைய காலை நேரத்தின் ஒட்டிய சட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து குரல் வந்தது. "தின்னுட்டியா?"

"இல்ல மதினி."

"வெரசா தின்னு. ஆறிப்போகும்."

தின்றேன்.

மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது மதினி வந்து பக்கத்தில் நின்றார். நான் வழக்கம் போலக் கூரையைப் பார்த்தேன். ஓட்டுக்கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, அதில் மஞ்சு போய்க்கொண்டிருந்தது. பஞ்சுத் துணி உள்ளேயிருந்து இழுபட்டு வந்தது. 

"சீழா?" என்றார் மதினி, மிகச் சின்னக் குரலில்.

"இல்லம்மா. நேத்து மாதிரியே தண்ணிதான்."

மதினி குனிந்து, மோந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

அப்படித்தான் ஒவ்வொரு காலையும். சாப்பிட்டது ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலையில் விசாரணை. முட்டை தப்பித்தது. பிறகு பாசிப்பருப்புத் தண்ணீர், அதுவும் தப்பித்தது. பிறகு ஆவியில் வெந்த மீன், முள் ஒன்று விடாமல் மதினி விரலால் தடவித் தடவி எடுத்தது. பொட்டுக்கடலை மாவைக் கஞ்சியில் கரைத்தோம். ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன், கொஞ்ச நேரம் கழித்து இன்னும் நாலு. வயிறு கேட்காது, வாயும் கேட்காது. ஆகவே மதினி கேட்டார். "அடுத்தது தின்னலாமா?" நாளெல்லாம் அதே கேள்வி. பசியின் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு காலையில் நர்ஸ் சிரித்தாள். "இன்னைக்காவது பாருங்கக்கா. நல்லாருக்கு."

பார்த்தேன். எலுமிச்சம்பழம் இல்லை. நெல்லிக்காய் அளவுகூட இல்லை. உள்ளே சிவப்பாக, மணல் மணலாக, ஈரமாக இருந்தது. என் உடம்புதான் அது, என்னைக் கேட்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உடனே எனக்குத் தோன்றியது இதுதான்: இவ்வளவு நன்றாக வளரத் தெரிந்த உடம்பு, வேறெங்கே எதை வளர்த்துக்கொண்டிருக்கிறதோ.

அதே நாட்களில்தான் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மூத்திரமாகப் போனது, ஓயாமல் போனது. கால் சுருங்கி எலும்பு தெரிந்தது. கன்னத்தின் உப்பல் வற்றியது. ஞாயிற்றுக்கிழமைத் தகட்டில் ஏறினால் நாற்பத்திரண்டு. மறுவாரம் நாற்பத்தொன்று. கடைக்காரர் கை தட்டுவதை நிறுத்திவிட்டார். நான் வருவதைப் பார்த்தால் மூட்டைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தைய நாள், ஞாயிறு, சுவரில் முப்பத்தொன்பதும் சொச்சமும் சிவப்பாக எரிந்தது.

வீட்டுக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எறங்கி ஏறு," என்றார். இறங்கி ஏறினேன். அதேதான். "தகட்டுக்கு அடியில கல்லு கில்லு கெடக்கா பாருங்கண்ணே" என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் பாவம், முழங்கால் போட்டுக் குனிந்து தேடினார்.

"தண்ணிதான போயிருக்கு," என்றேன் நான். "தண்ணி போனா எறங்கத்தான செய்யும்?"

"அவுங்க நாப்பதுன்னுல சொன்னாங்க."

 காயம் தோல் மூடி, ரோஜா நிறத்தில் ஒரு வரியாகிவிட்டது. எடை கோட்டுக்குக் கீழே போய்விட்டது. கேட்டது இரண்டு, கிடைத்தது ஒன்று. அன்று வீட்டில் மதினி நாளெல்லாம் ஊட்டிக்கொண்டே இருந்தார். நானும் மறுக்காமல் விழுங்கினேன். ஒரு ராத்திரியில் யாராலும் அரைக் கிலோ ஏற முடியாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

டாக்டரம்மா காயத்தைத் தடவிப் பார்த்தார். காலை அழுத்தினார். குழி விழவில்லை. ரத்தப் பரிசோதனை வரும் வரைக்கும் வேறு நோயாளிகளைப் பார்த்தார். நான் வராந்தாவில் நடந்தேன். கூப்பிட்டபோது மதினியும் உள்ளே வந்துவிட்டார்.

"புரதம் ஏறியிருக்கு. காயம் மூடியாச்சு."

"எடை முப்பத்தொன்பதுதாங்க டாக்டர்," என்று வீட்டுக்காரரே சொன்னார். மறைக்க அவருக்குத் தெரியாது.

"தெரியும். முன்னாடி காட்டுனது பொய் எடை. இது நெஜம்." பேனாவைத் திறந்தார். "இன்னும் ஏறட்டும்னு காத்திருந்தா நாளு போயிரும். மருந்து அளவைக் கொறைச்சு ஆரம்பிச்சுடலாம்னு நெனைக்கிறேன். கஷ்டமாத்தான் இருக்கும். தாங்குவீங்களா?"

தாங்குவேனா என்று எனக்கு எப்படித் தெரியும்? "ஆரம்பிங்க," என்றேன்.

மருந்து ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. புறங்கையில் ஊசி, கம்பியில் பை, கண்ணீர் போலத் தெளிவான ஏதோ ஒன்று. நாளெல்லாம் படுத்திருந்தேன். கிளம்பும்போது அந்த வார்டு நர்ஸ் வந்து கேட்டாள்.

"எந்த ஊருக்குப் போறீங்கம்மா?"

"தாண்டிக்குடி. மேல மலையில."

அவள் முகம் மாறியது. "குளிரா இருக்குமே. இந்த மருந்து ஏறின கொஞ்ச நாளைக்குக் குளிர் ஆகாது. சில்லுன்னு தண்ணி குடிக்காதீங்க, இரும்பைத் தொடாதீங்க, கையில உறை போட்டுக்கோங்க. குளிர்காத்து பட்டா தொண்டை அடைச்சு மூச்சு நின்ன மாதிரி இருக்கும். நின்ன மாதிரிதான், நிக்காது. பயப்படாம மெதுவா மூச்சு விடுங்க."

அடிவாரத்தில் வெயில் இருந்தது. ஏற ஏற வெளிச்சம் வெளுத்தது. வீட்டுக்காரர் ஜீப்பின் பக்கத்துத் தார்ப்பாயை இறக்கிக் கட்டி, சந்து தெரிந்த இடத்திலெல்லாம் காப்பிச் சாக்கைத் திணித்திருந்தார். மதினி தன் சேலை முந்தானையை என் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிவிட்டார். அதில் மிளகு வாசனை. ஒரு வளைவு திரும்பியதும் மஞ்சு நேர் எதிரே வந்து, சாக்கு இல்லாத ஏதோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே புகுந்தது.

முதலில் விரல் நுனிகளில் ஊசி. பிறகு உதடு. பிறகு தொண்டை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து முறுக்கியது போல மூச்சு நின்றது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மதினி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏலே, நிப்பாட்டுடா! மூச்சு வரல அவளுக்கு! நிப்பாட்டு!"

வண்டி வேகம் குறைந்தது. நின்றால் இந்த மஞ்சுக்குள்ளேயே நிற்போம். 'நின்ன மாதிரிதான், நிக்காது' என்று வார்டு நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். மூக்கு வழியாக, மிளகு வாசனை வழியாக, ஒரு நூல் அளவுக்குக் காற்று வந்தது. இன்னொரு நூல். அந்த மருந்து இப்போது எனக்குள் எங்கெல்லாமோ போய்க்கொண்டிருக்கிறது. நான் இவ்வளவு நாள் காயத்தை மூடியதும் எடையைச் சுமந்ததும் அதற்காகத்தான்.

கண்ணாடியில் வீட்டுக்காரரின் கண் தெரிந்தது. "நிப்பாட்டவா?"

தலையை ஆட்டினேன். குரல் வந்தபோது அது என் குரல் போலவே இல்லை.

"வேணாம். போங்க."

அவர் கியரை மாற்றினார். மதினி என் உறை போட்ட கைகளைத் தன் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.  வீட்டுக்கு இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன.